முழங்கால் ஜெபம்

போதகர் ஐயர் இன்னும் அறிவிப்பையே முடிச்சபாடில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியம், வியாழக்கிழமை கிழக்குத் தெருவுல குடும்ப ஜெபம், கோயில் குழாயில பிள்ளைகள் தண்ணி வாரி அடிக்கக் கூடாது, வண்டியெல்லாம் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தணும். படிக்கட்டும், நல்லா நிதானமாப் படிக்கட்டும், ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் வாசிச்சாலும் எனக்குச் சந்தோசந்தான். கையில இருக்க இந்தத் தாளை எத்தனை மட்டம் மடிச்சுப் பிரிச்சிட்டேனோ, மடிப்பே நைஞ்சு போச்சு. வாலிபர் ஞாயிறு ஆராதனை. ஆறாவது வரி: சாட்சி, செல்வி கிறிஸ்டபெல், உடற்கல்வி ஆசிரியை. அம்பத்தொம்பது வயசுல செல்வி. கல்யாணம் பண்ணாதவளுக்கு எத்தனை வயசானாலும் தாள்ல செல்விதான், சாகும்போதும் கல்லுல செல்வின்னுதான் வெட்டுவாங்க. நாலாவது வரி பிள்ளைகள் பாட்டு, அஞ்சாவது வேதபாடம், பொறவு நான். எழும்பிப் போய், மைக்கைப் பிடிச்சு, சமாரியபுரம் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் முப்பத்தோரு வருசத்துக்கப்புறம் கபடியில மாவட்டக் கோப்பை ஜெயிச்சதுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லணும். கோப்பையைக் கொண்டுபோய் ஆல்டர் பக்கத்துல, திருவிருந்துப் பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி வச்சிருக்காங்க, கழுத்துல ஒரு மாலை வேற. எந்தக் கூறுகெட்டவன் யோசனையோ. பாத்திரம் சின்னதா இருக்கு, கோப்பை பெருசா இருக்கு. எனக்கு இடது பக்கம் மூணாவது வரிசை ஓரத்துல எப்சி இருக்கா. வலது காலை நீட்டி, முன்னால ஒரு ஸ்டூல் மேல வச்சிருக்கா. அவ அம்மை ராஜகனி, மகளுக்கு வேர்க்குதேன்னு சேலை முந்தியால விசிறிக்கிட்டு இருக்கா. கடைக்கண்ணுல தெரியுது, அந்தப் பக்கம் நான் நேராப் பாக்கலை. பாக்கக் கூடாதுன்னு வந்து உக்காந்ததுல இருந்து கழுத்தைத் திருப்பாம இருக்கேன், கழுத்து வலிக்கு.

சொல்லுவேனா மாட்டேனா. அதான் கேள்வி. வெள்ளிக்கிழமையில இருந்து அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள கிடந்து குடையுது. அன்னைக்குச் சாயங்காலம் எப்சியைப் பாக்க அவ வீட்டுக்குப் போனேன். ராஜகனி பீடித் தட்டை மடியில இருந்து இறக்கி வச்சிட்டு, வாங்க டீச்சர் வாங்க டீச்சர்னு எனக்குக் காப்பி போட உள்ள ஓடினா. நான் போனா அவளுக்குக் கை கால் ஓடாது, ஏதோ பிஷப்பே வந்தது மாதிரி. போன வாரம் ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்து விட்டா, எம்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலைஞ்சியளேன்னு. அதை அவிச்சேன். ஒண்ணு கூடத் திங்கலை. அவ உள்ள போனதும் எப்சி பைய கேட்டா, "டீச்சர், எனக்கு விசுவாசம் காணாதோ?" நான் என்னட்டின்னேன். "இல்ல டீச்சர், நீங்கதான சொன்னிய, நம்புனா வலிக்காதுன்னு. எனக்கு வலிச்சுது டீச்சர். ஆட்டம் முழுக்க வலிச்சுது. நான் வெளிய காட்டிக்கலை. உள்ள எங்கயோ நான் நம்பாம இருந்திருக்கேன், அதான் கர்த்தர் கால எடுத்துட்டாரு." பதினேழு வயசு. குரல்ல அழுகை கிழுகை ஒண்ணும் இல்ல. கணக்குல எங்க தப்புப் பண்ணினோம்னு பாக்க பிள்ளை மாதிரி கேக்கா. நான் என்ன சொன்னேன்? ஜெபம் பண்ணுவோம்ட்டின்னேன். பண்ணினேன். அவ தலையில கைய வச்சு நல்லா அஞ்சு நிமிசம், கண்ணீரோட பண்ணினேன். ராஜகனி காப்பி டம்ளரோட நின்னு ஆமென் சொன்னா. தூ.

பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாரும் எழும்புதாங்க, நானும் எழும்புதேன், வாய் தன்னால பாடுது. இந்த வாய் இருக்கே, இதுக்கு நாப்பது வருசப் பழக்கம், மனசு கூட வரலன்னாலும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். எங்க ஊர்ல கபடியில எதிரி பக்கம் ஏறிப் போறதுக்கும் பாடுறதுன்னுதான் பேரு. யாருட்டி பாடப் போறா, எப்சி நீ போ, ஒரே மூச்சுல பாடு, மூச்சு விட்டியோ செத்த. எப்சி பாடுனா கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பேரும் ஒரு அடி பின்னால போவாளுவ. எட்டாம் வகுப்புல அவளைப் பிடிச்சேன். மதிய இடைவேளையில இன்னொருத்தி கையில இருந்த வடையைப் பறிச்சிட்டு ஓடுனா, நாலு பேரு துரத்துறா, ஒருத்தி கையிலயும் சிக்கலை. இவ ஓடலட்டி, நழுவுதான்னு நினைச்சேன். வடையை வாங்கி உரியவகிட்ட கொடுத்து, இவளை நாலு சாத்து சாத்தி, நாளையில இருந்து காலையில ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்திரணும்னேன். வந்தா. அஞ்சு வருசம் ஒரு நாள் தப்பலை. காய்ச்சல்லயும் வந்தா. மற்றவளுக கொட்டாவி விட்டுக்கிட்டு ஜெபம் பண்ணும்போது இவ மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிசமாவே பண்ணுவா. நான் சொல்லுத ஒவ்வொண்ணையும் அப்படியே முழுங்கிருவா. அது எனக்குப் பெருமையா இருந்துச்சு. எவ்வளவு பெருமைன்னா, எனக்கு ஒரு மக இருந்தா இப்படித்தான் இருப்பான்னு நெனச்சேன். இருந்திருந்தா அவ காலையும் ஒடிச்சிருப்பேன்.

ஆட்டத்துக்கு முன்ன எல்லாரையும் முழங்கால்ல நிக்க வப்பேன். மைதானத்து மண்ணுலயே. முழங்கால்ல ஜெயிக்கிறவதான் களத்துல ஜெயிப்பா, இது என் வசனம். வேதத்துல கிடையாது, நானா சொன்னது, ஆனா இந்த முப்பது வருசத்துல பாதிப் பேரு அது வேதத்துல இருக்குன்னே நம்பிட்டாளுவ. எச்.எம். அறையில சார்ட்டுல எழுதி மாட்டிட்டாங்க, கீழ அதிகாரம் போடாததுதான் குறை. வாக்குத்தத்த அட்டைப் பெட்டியையும் கொண்டுபோவேன். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடி ஒண்ணு எடுக்கணும், எடுத்த வசனத்தைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு ஆடணும். நல்ல வசனம் வரலன்னா, ரகசியமா மாத்தி எடுத்துக்க சம்மதிப்பேன். சும்மா சொல்லக் கூடாது, வேலை செஞ்சுது. வீட்ல அப்பன் குடிச்சிட்டு அடிக்க பிள்ளை, மாசம் பாதி நாள் காலையில சாப்பிடாம வார பிள்ளை, வகுப்புல வாயே திறக்காத பிள்ளை, அந்த மண்ணுல முழங்கால் போட்டு எழும்புனா முகமே வேறயா இருக்கும். நான் கண்ணால பாத்திருக்கேன். அதைப் பொய்யுன்னு எவ சொன்னாலும் செவுள்ல ஒண்ணு விடுவேன், இப்பவும் விடுவேன். ஒரு மட்டம் என் கிறுக்கு முத்திப்போய், கபடி கபடின்னு ஏன்ட்டி பாடணும், ஜெயம் ஜெயம்னு பாடுங்க, விசுவாசத்துல அறிக்கை பண்ணுங்கன்னு சொல்லிக் கொடுத்தேன். மாவட்டத்துக்கு முந்தின குறுவட்டப் போட்டி. முதல்ல போனவ ஜெயம் ஜெயம்னு பாடிக்கிட்டுக் கோட்டைத் தாண்டினா, அம்பயர் விசிலை ஊதிட்டான். என்னம்மா இது, கோயில் பாட்டா, கபடின்னு பாடணும், அந்தப் பக்கத்துக்கு ஒரு பாயிண்டுன்னுட்டான். அந்த ஒரு பாயிண்டுல தோத்தோம். ஜெயம் ஜெயம்னு சொல்லியே தோத்தோம். அன்னைக்கு நானும் பிள்ளைகளோட சேந்து பஸ்ல வயிறு வலிக்கச் சிரிச்சேன். கர்த்தரும் சிரிச்சிருப்பாருன்னு வச்சுக்கோம். அப்பவே எனக்கு ஒரு கொட்டு வச்சிருக்காரு, உறைக்கலை.

உக்காருங்கன்னு சொல்லிட்டாரு. சின்னப் பிள்ளைகள் வரிசையா முன்னால போகுதுக, வெள்ளைச் சட்டை, தலையில ரிப்பன், ஒண்ணு அழுதுக்கிட்டே போகுது. இன்னும் நேரம் இருக்கு. எனக்கும் இந்தக் கோயில்லதான் முதல் சாட்சி. பதினாறு வயசு. எண்ணூறு மீட்டர் ஓட்டம், செருப்பில்லாத காலு. கடைசிச் சுத்துல நான் ரெண்டாவது, எனக்கு முன்னால வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, பச்சைப் பாவாடை, நல்ல உயரம். மூச்சு முட்டுது, விலாவுல குத்துது. அப்ப அந்தப் பெலன் வசனம், எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டுன்னு எல்லாருக்கும் தெரியுமே, அதைச் சொல்லிக்கிட்டே ஓடினேன். அடி வைக்க ஒரு வார்த்தை, அடி வைக்க ஒரு வார்த்தை. கால் தரையில படவே இல்லை. அதை நான் இன்னைக்கும் மறுக்கலை, அந்த நூறு மீட்டர்ல என் கூட யாரோ ஓடினாங்க, இத்தனை வருசம் அதை வச்சுத்தான் நான் உயிரோட இருக்கேன். ஆனா வளைவுல அந்தப் பச்சைப் பாவாடை கால் வழுக்கி விழுந்துட்டா. முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம். நான் அவளைத் தாண்டி ஓடினேன். ஜெயிச்சேன். அடுத்த ஞாயிறு இதே மேடையில நின்னு சொன்னேன், கர்த்தர் எனக்கு முன்னால இருந்த தடையை நீக்கிப் போட்டார்னு. எல்லாரும் அல்லேலூயான்னாங்க. எங்க அப்பா கண்ணைத் துடைச்சாரு. அந்தத் தடைக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. அவளும் அன்னைக்குக் காலையில ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்திருப்பா. இதை இத்தனை வருசத்துல நான் நெனச்சதே இல்லைங்கது இப்ப, இந்த நிமிசம், இந்தப் பிள்ளைகள் கை கொட்டிப் பாடும்போதுதான் தெரியுது. என்ன ஜென்மம் நான்.

மாவட்ட ஃபைனலுக்குப் பதிமூணு நாள் இருக்கும்போது பயிற்சியில எப்சி திரும்பினா, டப்புன்னு ஒரு சத்தம். எனக்கே கேட்டுது. வீங்கிப் போச்சு. ராஜகனிக்கு அன்னைக்குப் பீடி கொண்டுபோய்க் கொடுக்க நாள், வர முடியலை, நான்தான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. ஸ்கேன் வந்தப்ப எப்சி உள்ள நர்சுகிட்ட கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தா. ஃபிலிமை வெளிச்சத்துல சொருகி, பேனா முனையால தொட்டுக் காட்டினாரு. "பாருங்க டீச்சர், ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. ரெண்டு மாசம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. மீறி ஆடுனா மிச்சமும் போயிரும். அப்புறம் ஆபரேசன் பண்ணாலும் பழைய கால் வராது. அவங்க அம்மாட்ட சொல்லிருங்க." சொல்லிருங்க. ஒரே வார்த்தை. சரி டாக்டர்னேன். பஸ்ல வரும்போது எப்சி சன்னலோரமா உக்காந்து, என்ன டீச்சர் சொன்னாருன்னா. எனக்கு நெஞ்சுக்குள்ள ஃபைனல் ஓடுது. வர்ற மே மாசம் ரிட்டயர்டு. முப்பத்தோரு வருசம் ஒரு கோப்பை கிடையாது, மிஞ்சிப் போனா அரையிறுதி, ஒவ்வொரு வருசமும் கர்த்தர் அடுத்த வருசம் தருவாருன்னு சொல்லிச் சொல்லி, ஸ்டாஃப் ரூம்ல கணக்கு டீச்சர் என்ன கிறிஸ்டபெல் உங்க கர்த்தர் இந்த வருசமும் லீவான்னு கேப்பா. எப்சி இல்லாம இந்த அணி குறுவட்டத்தையே தாண்டியிருக்காது. அப்ப எனக்கு ஒரு வாக்கியம் வந்துச்சு. கன்வென்சன் பந்தல்ல ஆயிரம் மட்டம் கேட்ட வாக்கியம்: டாக்டர் ரிப்போர்ட்டை நம்புவியா, கர்த்தர் ரிப்போர்ட்டை நம்புவியா? அட, அதுதானேன்னு தோணிச்சு. உடம்பெல்லாம் லேசாப் போச்சு. விசுவாசம்னு நெனச்சேன். ஆசைட்டி அது, பச்சை ஆசை, வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வந்துச்சு.

சுளுக்குட்டின்னேன். ஜவ்வு லேசாப் பிடிச்சிருக்காம், பத்து நாள்ல சரியாப் போயிருமாம். ராஜகனிகிட்டயும் அதையே சொன்னேன், எண்ணெய் தேச்சு விடுங்க ராஜகனின்னு. ஸ்கேனை என் பீரோவுல சேலைக்கு அடியில வச்சேன். இப்பவும் அங்கதான் இருக்கு. அடுத்த பத்து நாளும் காலையில ஜெப அறையில எப்சியோட முழங்கால் ஜெபம். யோசிச்சுப் பாருங்க, கிழிஞ்ச முழங்காலை மடக்கி, சிமெண்டுத் தரையில ஊன்ற வச்சு, அந்த முழங்கால் சரியாகணும்னு ஜெபம் பண்ண வச்சேன். உலகத்துல எவளாவது செய்வாளா? எங்க ஆட்கள் செய்வோம். அவ முகம் வெளுத்துப் போகும், வேர்க்கும், அதை நான் ஆவியோட அபிஷேகம்னு நெனச்சேன். ஒரு நாள் கேட்டா, டீச்சர், உக்காந்து ஜெபம் பண்ணட்டுமான்னு. அவர் நமக்காக எவ்வளவு வலியைத் தாங்கினாருட்டின்னேன். அவ மறுபடி முழங்கால் போட்டா. ஆண்டவரே, ஒரு அடையாளம் காட்டும், இந்தப் பிள்ளை ஆடலாமா கூடாதான்னு காட்டும்னு நானும் பக்கத்துல கிடந்து கேட்டேன். அவர் காட்டிட்டாரே. ஃபிலிமை வெளிச்சத்துல மாட்டி, பேனாவால தொட்டுத் தொட்டுக் காட்டினாரே. இதைவிட அவரு வேற எப்படிக் காட்டணும், மேகத்துல இருந்து இறங்கி வந்தா? டாக்டர் ரிப்போர்ட்டுதான்ட்டி கர்த்தர் ரிப்போர்ட்டு. ஒண்ணுதான் ரிப்போர்ட்டு இருந்துச்சு. ரெண்டுன்னு ஆக்கினது நான்.

வேதபாடம் வாசிக்காங்க. யாரோ வாலிபன், தொண்டையைச் செருமிக்கிட்டு, வேகமா வாசிக்கான். பைய வாசியேன்லே. ஃபைனல் அன்னைக்கும் இப்படித்தான், நேரம் ஓடுச்சு. எதிர்ல ஆடினவளுகளும் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம்தான், அவளுகளும் வட்டமா நின்னு ஜெபம் பண்ணினாளுவ. ரெண்டு பக்கமும் ஒருத்தரையே பிடிச்சு இழுத்தா அவர் பாவம் எங்க போவாரு. அப்ப இது எனக்குச் சிரிப்பா வரலை, நம்ம ஜெபம் ஒசத்தின்னுதான் இருந்துச்சு. கடைசி ஒரு நிமிசம், நாங்க ஒரு பாயிண்டு கம்மி. எப்சி என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை இப்ப நான் வாசிப்பேன், அப்ப வாசிக்கத் தெரியலை, வாசிக்க மனசில்லை. வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர்னு இருந்துச்சு. நான் கையை மேல தூக்கிக் காட்டினேன், மேல பாருட்டின்னு. போனா. பாடிக்கிட்டே போயி ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்பினா, ஒருத்தி இடுப்பைப் பிடிச்சா, இவ உடம்பை முறுக்கினா, காலு தரையிலயே நின்னுட்டு, உடம்பு மட்டும் திரும்புச்சு. பாட்டை நிறுத்தலை. விழுந்தும் கபடி கபடின்னு பாடிக்கிட்டே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டா. ஜெயிச்சிட்டோம். எல்லாரும் குதிக்கோம், நானும் குதிச்சேன், மண்ணுல முழங்கால் போட்டு ரெண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு கத்தினேன். நல்லா ஒரு நிமிசம் கத்தியிருப்பேன். பொறவுதான் பாத்தேன், அவ இன்னும் எழும்பலை. ஆபரேசன் முடிஞ்சு டாக்டர் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. என்னை ஒரு பார்வை பாத்தாரு, அம்மாகிட்ட சொன்னீங்களான்னு கூடக் கேக்கலை. அவ இனி ஆட மாட்டா. விளையாட்டுக் கோட்டாவுல காலேஜ், அப்புறம் போலீஸ் வேலைன்னு அஞ்சு வருசமா நாந்தான் அவளுக்குச் சொல்லி வச்சிருந்தேன், அது போச்சு. போனது போகட்டும், ஆனா தன் மேலதான் தப்புன்னு இந்தப் பிள்ளை சாகிற வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கப் போகுது. எனக்கு விசுவாசம் காணாதோ. அதை எடுக்க என் ஒருத்தியாலதான் முடியும். எடுத்தா என் வேலை, என் பேரு, மே மாசம் மாலை மரியாதை எல்லாம் மண்ணாப் போகும். தெருவுல நடக்க முடியாது. எச்.எம். காலையில வாசல்லயே பிடிச்சு, அஞ்சு நிமிசம்தான் டீச்சர், அழாம சொல்லுங்க என்ன, நீங்க அழுதுருவியன்னு சிரிச்சா. சொல்லாம விட்டா? சொல்லாம விட்டா ஒண்ணுமே ஆகாது. அதுதான் பயமா இருக்கு. ஒண்ணுமே ஆகாது, காப்பி குடிச்சிட்டு வீட்டுக்குப் போவேன்.

பேரைக் கூப்பிட்டாச்சு. கால் நடக்குது. மைக் உயரமா இருக்கு, ஒரு பையன் ஓடி வந்து இறக்கி விடுதான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு வாய் தன்னால சொல்லிட்டு. ஆமென்னு கோயில் முழுக்கத் திருப்பிச் சொல்லுது. எப்சி என்னைப் பாத்துச் சிரிக்கா. நான் எழுதி வச்சது ஒண்ணும் ஞாபகம் இல்லை. சொன்னேன், "எப்சிக்கு ஃபைனலுக்கு முன்னாலயே முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சிருந்துச்சு. ஆடக் கூடாதுன்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. ஆடுனா கால் போயிரும்னு சொன்னாரு. நான் அதைக் கேக்கலை. நான் அவளை ஆட வச்சேன்." நான் கண்ணை மூடிக்கிட்டேன், இப்ப விழும், கல்லு விழும்னு. பின்னால இருந்து ஒரு ஆம்பிளைக் குரல், அல்லேலூயா! பொறவு ஆமென், ஸ்தோத்திரம், பெண்கள் பக்கம் இருந்து கைதட்டு. ஐயர் பக்கத்து மைக்கை எடுத்து, "பாருங்க, டாக்டர் முடியாதுன்னாரு, நம்ம டீச்சர் கர்த்தரை நம்பினாங்க, கோப்பையைக் கொடுத்தாரு! எவ்வளவு பெரிய விசுவாசம்! கைதட்டி மகிமைப்படுத்துவோம்"ன்னாரு. ஐயோ. ஐயையோ. நான் சொன்னது அவங்களுக்குச் சாட்சியாக் கேட்டிருக்கு. டாக்டர் முடியாதுன்னாரு, கர்த்தர் முடியும்னாரு, இந்தச் சாட்சியைத்தான் எல்லாரும் ஆயிரம் மட்டம் கேட்டிருக்காங்க, பாதி சொன்னதும் மீதியை அவங்களே நிரப்பிக்கிட்டாங்க. தப்பிச்சிட்டேன். சத்தியத்தையும் சொல்லிட்டேன், பேரும் போகலை. இப்படியே நன்றின்னு சொல்லிட்டு இறங்கினா முடிஞ்சு போச்சு. இறங்குட்டி கிறிஸ்டபெல், இறங்குன்னு மனசு சொல்லுது, ஒரு கால் படியிலயும் வச்சிட்டேன்.

கைதட்டு அடங்கும்போது பாத்தேன், ராஜகனி எழும்பி நிக்கா. அவ கோயில்ல பேசி யாரும் கேட்டதில்லை. "டீச்சர், சுளுக்குன்னுல்லா சொன்னிய?" சத்தமாக்கூடச் சொல்லலை, என்கிட்ட வீட்ல கேக்க மாதிரி கேட்டா. ஐயருக்கு என்னமோ புரிஞ்சிட்டு, பாடகர் பக்கம் கையைக் காட்டினாரு, கீபோர்டு தொடங்குது, சனம் எழும்புது. நான் படியில இருந்து காலை எடுத்து மறுபடி மைக்குக்கிட்ட வந்தேன். "பொய் சொன்னேன் ராஜகனி. எனக்குக் கோப்பை வேணும்னு பொய் சொன்னேன்." கீபோர்டு நின்னுட்டு. எழும்பினவங்க நின்னபடியே நிக்காங்க. எப்சி அம்மையைப் பாத்தா, என்னைப் பாத்தா. "அப்ப எனக்கு விசுவாசம் இருந்துச்சா டீச்சர்?"ன்னு கேட்டா. "இருந்துச்சு மக்கா. உனக்குத்தான் இருந்துச்சு. ஜவ்வு கிழிஞ்சா வலிக்கும், யாருக்கானாலும் வலிக்கும். உம்மேல ஒரு தப்பும் இல்லை." அவ முகம் மலரும்னு நெனச்சேன் போல, அதுக்குத்தான் இவ்வளவும் போல. மலரலை. பிள்ளை முகத்துல இருந்து என்னமோ ஒண்ணு கழண்டு போச்சு, நான் பாக்கப் பாக்கப் போச்சு. நான் சொன்ன ஒவ்வொண்ணையும் முழுங்கின பிள்ளை, எல்லாத்தையும் இப்ப ஒண்ணொண்ணா வெளிய எடுத்துப் பாக்கா, எது நிசம், எது பொய்யின்னு. எனக்கு அந்தப் பெலன் வசனமாவது மிஞ்சிச்சு. இவளுக்கு நான் அதையும் விட்டு வைக்கலை. ராஜகனி குனிஞ்சு மகளோட காலை ஸ்டூல்ல இருந்து பைய இறக்கினா. அக்குளுக்குள்ள தோளைக் கொடுத்து எழுப்பினா. ரெண்டு பேரும் நடுவழியில நடக்காங்க, சனம் ஒதுங்கி வழி விடுது, ஒருத்தரும் தொட்டுத் தூக்கப் போகலை. நான் ரெண்டு அடி இறங்கினேன், "ராஜகனி, நான் முழங்கால்ல நின்னு அன்னாடம் இவளுக்காக"ன்னு ஆரம்பிச்சேன். வேற எதுவும் சொல்லத் தெரியலை எனக்கு, அந்த நேரத்துலயும் வாய்க்கு அதான் வந்துச்சு. அவ திரும்பினா. கோபமே இல்லை அவ மூஞ்சியில, களைப்புதான் இருந்துச்சு.

"எம்பிள்ளைக்காக இனி நீங்க ஜெபம் பண்ணாதிய டீச்சர்"ன்னா.

சரின்னேன்.